உடல்நலம் காப்போம்: மாவு மில்லும் சம்சு அடுப்பும்



இந்த மாதம் நீரிழிவைப் பற்றி எழுதலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. ஆகவே நீரிழிவு அடுத்த மாதத்திற்குப் போகிறது. இந்த மாதம் ஒரு மாவு மில்லைப் பற்றி எழுதுகிறேன்.

மாவு மில்லுக்கும் உடல்நலத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், வலது கை ஆள்காட்டி விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு காலை பெரட்டு முடிந்ததும் மருந்தகத்துக்கு வந்தார். பேரும் தோட்டமும் வேண்டாம். அவர் குடும்பத்துக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். துண்டைப் பிரித்துப் பார்த்தால் விரல் நுனி நசுங்கி, நகம் பெயர்ந்து தொங்குகிறது.

"எதில் மாட்டினீங்க அண்ணே?"

"மாவு மில்லுலங்க தெரசரே."

"கையால சுத்துற மில்லு விரலை இப்படி நசுக்காதே?"

அவர் தரையைப் பார்த்தார். "டிரில்லு மெசின் மாட்டியிருந்தேன்" என்றார்.

சுத்தம் செய்து, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். தோசை மாவுக்கு எதற்கு டிரில் என்று அப்போதே துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தவறு.

கையால் சுற்றும் மில் உங்களில் பலருக்குப் பழக்கமான சாமான்தான். மேலே தானியம் போடும் புனல், உள்ளே தானியத்தைத் தள்ளும் திருகாணி, முன்னால் வரிவரியாக வெட்டிய இரண்டு இரும்புத் தட்டு. ஒரு தட்டு நிற்கும், ஒரு தட்டு சுற்றும். முன்பக்க மரைத் திருகை இறுக்கினால் நைசாக விழும், தளர்த்தினால் ரவையாக விழும். பாட்டிமார்கள் இழுத்த திருகைக் கல்லின் வேலைதான் இது. கல்லுக்குப் பதில் இரும்பு. கேழ்வரகு, கோதுமை, வறுத்த பச்சரிசி, பிள்ளைகளுக்குச் சத்துமாவு எல்லாம் இதில் அரைக்கலாம். நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சிலர் இதை வேறு வேலைக்கு மாற்றி அமைக்கிறார்கள். தானியத்தை ஊறல் போட வேண்டுமானால் மாவாக அரைக்கக் கூடாது, இரண்டாக மூன்றாக உடைந்தால் போதும். மாவாக விழுந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும். உமி முழுசாக இருந்தால்தான் வடிகட்ட வசதி. அதற்காகத் தட்டுகளுக்கு நடுவே வாஷர் வைத்து இடைவெளியை அகலப்படுத்துகிறார்கள். கை வலிக்கிறது என்று பிடியைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டில் போல்ட்டைப் பற்றவைத்து டிரில் மெசினை மாட்டுகிறார்கள். புனல் சின்னது என்று தகரத்தையோ பிளாஸ்டிக் தோம்பையோ வெட்டி மேலே பொருத்துகிறார்கள். நம் ஆட்கள் கைத்திறமைக்குக் குறைச்சல் இல்லாதவர்கள். அந்த அண்ணன் செய்திருந்த வேலையைப் பிறகு போய்ப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வருடம் படித்தவன் செய்த மாதிரி இருந்தது.

அந்த மூன்று மாற்றத்திலும் மூன்று ஆபத்து இருந்தது.

முதலாவது விரல். கையால் சுற்றும்போது விரல் மாட்டினால் நம் கையே நின்றுவிடும், ஏனென்றால் வலி தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்துவோம். மெசினுக்கு வலி தெரியாது. தானியம் இறங்காமல் அடைத்துக்கொண்டால் மனிதனுக்கு முதலில் வரும் புத்தி விரலை விட்டுக் குத்திவிடுவதுதான். கம்பியில் தோல் உரிந்த பழைய டிரில்லை ஈரக் கையோடு பிடித்தால் மின்சாரமும் தாக்கும். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் இன்னும் மோசம்.

யாருக்காவது விரல் நசுங்கினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டு வர வேண்டும். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது, சதை கெட்டுவிடும். மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, மேலே பொருத்திய அந்தத் தோம்பு. அது களைக்கொல்லி வந்த தோம்பு. "நல்லா சோப்பு போட்டுக் கழுவினேங்க" என்றார். பாரக்குவாட் மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய தோம்புகள் லயத்துப் பின்பக்கம் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கத்தான் செய்கின்றன. மருந்து வந்த தோம்பில் சாப்பாட்டுச் சாமானோ குடிதண்ணீரோ வைக்கவே கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் குடித்த மருந்து முழுசாகப் போகாது. மருந்தடிக்கும் அக்காமார்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தருவார்கள். தோம்பை ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது பற்றவைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தமிழே இந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. ஈயம் என்று ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வார்களே, அது வெள்ளீயம். புது மில்லின் இரும்பில் வெள்ளையாகப் பூசி வருவதும் பெரும்பாலும் வெள்ளீயம்தான். அதனால் கெடுதல் இல்லை. காரீயம் என்பது பழைய பேட்டரிக்குள் இருக்கும் கனமான கறுப்பு உலோகம். ஒர்க்‌ஷாப்பில் தகரத்தை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் பற்றில் பெரும்பாலும் இந்தக் காரீயம் கலந்திருக்கும். அது விஷம். வாங்குகிறவன் ஈயம் என்கிறான், விற்கிறவனும் ஈயம் என்கிறான். எந்த ஈயம் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

மில்லில் இருக்கும் காரீயம் ஆளை என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் நடந்த உதாரணமே உண்டு. 1980களின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைக் கிராமங்களில் பலருக்கு ஒரே மாதிரி வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை வந்தது. வைத்தியர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், பாத்திரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் குற்றவாளி கிராமத்து மாவு மில்லின் கல். இரும்புத் தண்டைக் கல்லோடு இறுக்க உருக்கிய காரீயத்தை ஊற்றியிருந்தார்கள். கல் சுற்றச் சுற்ற அது தேய்ந்து மாவில் விழுந்திருக்கிறது. ஊரே தினமும் அந்த மாவில்தான் ரொட்டி சுட்டிருக்கிறது. அதற்கும் முன்னால் இங்கிலாந்தில் டெவன் என்ற மாவட்டத்தில் ஆப்பிள் மது குடித்தவர்களுக்கு வருடாவருடம் கொடிய வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. ஆப்பிள் புளிப்புதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழம் பிழியும் ஆலையில் இருந்த காரீயம்தான் காரணம் என்று ஜார்ஜ் பேக்கர் என்ற வைத்தியர் 1767இல் எழுதினார். ஆலைக்காரர்களுக்கு அவர் மேல் கோபம் வந்ததாம். வரத்தானே செய்யும்.

காரீயம் பெரியவர்களுக்கு வயிற்றைப் பிசையும், இரத்தத்தைக் குறைக்கும், நாளானால் மணிக்கட்டைத் தொங்கவைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும், படிப்பு ஏறாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று பிள்ளைகளுக்கு ஓர் அளவே கிடையாது. அந்த மில்லில் ஊறலுக்கும் அரைத்தார்கள், அதே மில்லில் பேரப்பிள்ளைக்குக் கேழ்வரகும் அரைத்தார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விரல் காயம் ஆறி மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு அவர் மனைவி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஐயா, அவருக்குக் கண்ணு தெரியலைங்குறாரு. லைட்டு போட்டிருக்கு, ஏன் இருட்டுல ஒக்காந்திருக்கீங்கன்னு என்னையக் கேக்குறாரு." போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தலைவலி, வாந்தி. சனிக்கிழமை ராத்திரிக் குடியின் மப்பு என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்திருக்கிறார்கள். என்ன குடித்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. மனைவிதான் பின்கட்டைக் காட்டினார்.

அங்கே எல்லாம் இருந்தது. டிரில் மாட்டிய மில், ஊறல் தோம்பு, எண்ணெய்த் தகரம், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பழைய லோரி ரேடியேட்டர்.

சம்சு எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். செய்முறை சொல்லித் தருவதற்காக அல்ல, விஷம் எந்த வழியில் நுழைகிறது என்று புரிவதற்காக. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. முளைவிட்ட கேழ்வரகிலோ மலாய்க்காரர் தாப்பாய் செய்யப் போடும் ராகியிலோ இருக்கும் சத்து அந்த மாவை இனிப்பாக்கும். (நாம் கேழ்வரகை ராகி என்கிறோம், மலாயில் ராகி என்றால் புளிக்கவைக்கும் மருந்து. கடையில் கேட்டுத் திட்டு வாங்கியவர்கள் உண்டு.) அந்த இனிப்பைக் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் கிருமி தின்று சாராயச்சத்தாக மாற்றுகிறது. கள்ளில் நடப்பதும் இதுதான். கள்ளில் நூற்றுக்கு நாலு ஐந்து பங்கு சாராயச்சத்து இருக்கும். ஊறல் எவ்வளவு புளித்தாலும் பதினைந்து பங்குக்கு மேல் பெரும்பாலும் ஏறாது, கிருமி தான் உண்டாக்கிய சாராயத்திலேயே செத்துவிடும். அதற்கு மேல் காரம் வேண்டும் என்றால்தான் அடுப்பில் ஏற்றி ஆவியாக்கிக் குளிரவைத்து இறக்குகிறார்கள். சம்சு என்பது அது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தானிய ஊறலில் மெத்தனால் என்கிற விஷச் சாராயம் மிகக் கொஞ்சம்தான் உண்டாகும். பழத்தோல், பழச்சக்கை போட்டால் கொஞ்சம் கூடும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சாகிறார்களே, அதற்கு இது காரணமில்லை. தொழிற்சாலைக்கு வரும் மெத்தனாலை எடுத்து யாரோ சரக்கில் கலப்பதுதான் காரணம். விலை மலிவு, பார்க்கத் தண்ணீர் மாதிரி, வாசனையும் சாராய வாசனைதான். 2018 செப்டம்பரில் நம்முடைய சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடந்தது இதுதான். மலிவு மது குடித்த முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். தமிழ்நாட்டில் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அடுத்த வருடமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அத்தனை இடத்திலும் செத்தவன் கூலிக்காரன்தான்.

இந்த அண்ணன் கலக்கியவர் இல்லை. தன் சரக்கு காரம் பத்தவில்லை என்று கூட்டாளி ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்த "ஸ்பிரிட்டு" கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். பெயின்ட் துடைக்கும் ஸ்பிரிட் போலும். கொளுத்திப் பார்த்தார்களாம், நீலமாக எரிந்ததாம், அதனால் நல்ல சரக்கு என்று முடிவு கட்டினார்களாம்.

தோழர்களே, இந்த நெருப்புச் சோதனையை நம்பாதீர்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். நாக்கில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. "முதல் வடியைக் கீழே ஊற்றிட்டா விஷம் போயிடும்" என்று பழைய கைகள் சொல்வார்கள். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், நல்ல சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் தண்ணீரோடு கலந்துவிட்டால் தகரமும் குழாயும் வைத்துப் பிரித்துவிட முடியாது. முதல் வடியிலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும்.

மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் ஒன்றும் செய்யாது. அதுதான் அதன் சூது. ஈரல் அதை ஃபோர்மிக் அமிலமாக மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆள் நன்றாகவே இருப்பார். பிறகு தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல். கண்ணில் பனிமூட்டம், சிலருக்குத் தொலைக்காட்சியில் புள்ளி புள்ளியாக ஆடுவது மாதிரி. அந்த அமிலம் கண் நரம்பைத் தின்கிறது, இரத்தத்தைப் புளிக்கவைக்கிறது. பத்து மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, கண்ணைக் கெடுக்கப் போதும். முப்பது மில்லி உயிரைக் குடித்துவிடலாம். சாதாரண மப்பு நேரம் போகப் போகக் குறையும். இது நேரம் போகப் போகக் கூடும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் வீட்டுப் பெண்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வருவதற்குள் பக்கத்து லயத்து மாமா ஒருவர் என்னிடம், "தெரசரே, நல்ல பிராந்தி ரெண்டு மூடி ஊத்துங்க, முறிஞ்சிடும்னு சொல்றாங்களே" என்றார். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. நல்ல சாராயச்சத்து இருந்தால் ஈரல் முதலில் அதை எடுத்துக்கொண்டு மெத்தனாலை விட்டுவைக்கும். ஆஸ்பத்திரியில் அளவு பார்த்து அதையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. ஃபோமெபிசோல் என்று தனி மருந்தும் இருக்கிறது. ஆனால் அது இரத்தம் சோதித்து, மணிக்கு மணி அளவு பார்த்துக் கொடுப்பது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் வீட்டில் ஊற்றினால் புரையேறிச் சாவார். அது மட்டுமல்ல, "கொஞ்சம் தெளிஞ்சிருக்கார், காலையில போகலாம்" என்று ஆறு மணி நேரத்தை வீணாக்கிவிடுவோம். ஏற்கனவே உண்டான அமிலத்தை எந்தப் பிராந்தியும் எடுக்காது. அதை எடுக்க இரத்தத்தைச் சுத்திகரிக்கும் மெசின் வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். 999க்குப் போன் அடித்து "மெத்தனால் சந்தேகம்" என்று தெளிவாகச் சொன்னேன். வாந்தி எடுத்தால் புரையேறாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மிச்சம் இருந்த போத்தலைப் பையில் போட்டுக் கையோடு கொடுத்தனுப்பினேன். பிறகு கேட்டேன்: கூடக் குடித்தவர் யார்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்க மறந்துவிடாதீர்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. போலீஸ் வரும் என்ற பயம். லைசென்ஸ் இல்லாமல் சாராயம் காய்ச்சுவது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரியில் சட்டம் பேச எனக்கு நேரமில்லை. "நான் போலீசு இல்லை, தெரசர்" என்றேன். கடைசியில் அண்ணனின் மகன்தான் சொன்னான், இன்னொருவர் குடித்தார், அடுத்த டிவிசனில் இருக்கிறார் என்று. மோட்டார் சைக்கிளில் போய் எழுப்பினோம். அவர் நன்றாகத்தான் இருந்தார், தூக்கத்தைக் கெடுத்ததற்குக் கோபப்பட்டார். சம்சுவுக்கு மேலே இரண்டு டின் பீர் குடித்திருந்தார், அதனால் விஷம் வேலையைத் தொடங்கத் தாமதமாகியிருக்கிறது. வற்புறுத்தி ஏற்றி அனுப்பினோம். இரத்தத்தில் விஷம் இருந்தது. நேரத்தோடு போனதால் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தார்.

அண்ணன் உயிர் பிழைத்தார். பார்வை பாதி திரும்பியது, மீதி திரும்பவில்லை. எதிரே நிற்கும் ஆளின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் மங்கல். மரத்து உச்சியில் குலை பழுத்திருக்கிறதா இல்லையா என்று இனி அவரால் பார்க்க முடியாது.

அந்த ரேடியேட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவியைக் குளிரவைக்க லோரி ரேடியேட்டர் வசதி என்று பலர் வைக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா, ஜார்ஜியா கிராமங்களிலும் இதே பழக்கம் உண்டு. அங்கேயும் கள்ளச் சாராயம் குடித்தவர்களுக்குக் காரீய விஷம் ஏறி வலிப்பும் கீல்வாயும் வந்திருக்கிறது, ஏனென்றால் பழைய ரேடியேட்டர் முழுக்கக் காரீயப் பற்று. அதில் கிடக்கும் பச்சைத் தண்ணீர் மருந்து வேறு சிறுநீரகத்தை அழிக்கும். துத்தநாகம் பூசிய வாளியில் புளிப்பு ஊறல் வைத்தால் துத்தநாகம் கரைந்து வாந்தி வரும். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் கச்சானையும் "ஊறலுக்குத்தானே" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பூஞ்சண விஷம் வேகவைத்தாலும் சாகாது. 1988இல் பேராக்கில் லோ ஷீ ஃபன் என்கிற அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுப் பதின்மூன்று சீனப் பிள்ளைகள் ஈரல் கெட்டு இறந்ததற்கு அஃப்லாடாக்சின் என்ற அந்த விஷத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அது சாராயம் இல்லை, சாப்பாடு. ஆகவே குடிக்காத வீட்டிலும் பூஞ்சணத் தானியத்தை மில்லில் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

குழாய் அடைத்துக்கொண்டால் தகரம் வெடிக்கும். அடைத்து வைத்தது ஒரு நாள் உடைத்துக்கொண்டு வரும் என்பதற்கு நம்ம ஊர்ப் பெயரே சாட்சி: அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. 1883இல் அந்த அணை உடைந்துதான் பழைய கோலகுபு அழிந்தது. சாராய ஆவி அடுப்பு நெருப்பில் பட்டால் பலகை லயம் ஒரு வரிசையே போய்விடும். தீப்புண் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கீச்சாப், பற்பசை, முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம்.

குடியைப் பற்றி நம் சங்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். 1947இல் கெடா பீடோங் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்து அடிபட்டார்கள். குடிப்பவனைத் திட்டுவது அவர்கள் நோக்கம் இல்லை. கூலி கொடுக்கும் கையே அதைக் கள்ளுக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று கண்டுதான் எதிர்த்தார்கள். இன்றைக்குக் கள்ளுக்கடை போய்ச் சம்சு வந்திருக்கிறது. அலுப்பும் கடனும் அப்படியே இருக்கின்றன.

தினமும் குடிக்கிறவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத ஆள் இருப்பது போலத் தெரியும், வலிப்பு வரும். பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிப் போகிறார்கள். கோயிலுக்குப் பிறகு போகலாம், முதலில் கிளினிக்குக்கு வாருங்கள். மருந்து கொடுத்து மெல்ல நிறுத்தலாம். நான் யார் வீட்டுக் கதையையும் அடுத்த வீட்டில் சொல்வதில்லை.

மில் இப்போது அண்ணி கையில் இருக்கிறது. நானும் மகனும் சேர்ந்து டிரில் போல்ட்டையும் அந்தத் தோம்பையும் கழற்றி எறிந்தோம். பற்று வைத்த புனலையும் தண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தண்டும் பிடியும் வாங்கி மாட்டினான். மரைக்கு மோட்டார் கிரீஸ் வேண்டாம், சமையல் எண்ணெய் போதும் என்றேன். முதலில் இரண்டு கைப்பிடி அரிசியை அரைத்து அந்த மாவைப் புதைத்துவிடச் சொன்னேன். பேரப்பிள்ளைக்குக் காரீய இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டு மில்லில் பற்றவைத்த இடமோ உரிந்த பெயின்டோ இருந்து சந்தேகம் வந்தால், சனிக்கிழமை மாலை மருந்தகத்துக்கு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். கேள்வி இருந்தால் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், பெயர் போட வேண்டியதில்லை. அடுத்த மாதம் நீரிழிவு.